குளம்புச் சட்டை

உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதில் மீன் பசை சிந்திக் காய்ந்திருக்கிறது, துணியில் ஒட்டினால் பிய்த்துத்தான் எடுக்கணும். இப்படி ஜன்னல் பக்கம் வாங்க. ஊட்டியில் ஜனவரி மாசத்து வெயிலை வீணாக்கக் கூடாது.

அவர் இல்லை. வர முக்கால் மணி நேரமாவது ஆகும். ஏரிக்கரைக் குதிரை லாயத்துக்குப் போயிருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். "இதோ வந்திடறேன் ஹேமா" என்றார். இது ஒரு பதிலா, நீங்களே சொல்லுங்க. மியூசியத்திலிருந்து ஆள் வரும், வந்தால் உட்காரவை என்றார். ஆள் என்றுதான் சொன்னார். பெண் என்று சொல்லவில்லை. நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

நீங்கதானே தமயந்தி? அவர் போனில் 'தமயந்தி மியூசியம்' என்று வரும். ஏழு மாசமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் கொஞ்சம் வயசான ஆளாக நினைத்தேன். ஆன்ட்டி என்று கூப்பிடாதீங்க, உங்களுக்கும் எனக்கும் அப்படி ஒன்றும் பெரிய வித்தியாசம் இல்லை. சரி, இருக்கிறது. இருந்தாலும் மேடம் என்றே கூப்பிடுங்க.

விஷயத்துக்கு வருகிறேன், எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. அவர் செய்த வில், அம்பு, ஈட்டி, உங்க மியூசியத்தில் காட்சிக்கு வைக்க நீங்க எடுத்துப்போக வந்திருக்கிற எல்லாமே அந்தப் பின்பக்கத்து அறைக்குள் இருக்கிறது. அந்த அறையின் சாவி என் இடுப்பில் இருக்கிறது. காலையில் அவர் குளிக்கும்போது எடுத்து வைத்துக்கொண்டேன். வேன் வாசலில் நிற்கட்டும், டிரைவர் பாட்டுக் கேட்கட்டும். நான் கேட்பதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் கதவு திறக்கும். இல்லையென்றால் உங்க வேன் காலியாகத்தான் கோயம்புத்தூர் இறங்கும். இருபத்தொன்பது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன். என் வீட்டுக்காரர் எந்தப் பொம்பளைக்குச் சட்டை தைக்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லையா?

இருங்க, டீ போடுகிறேன். அந்த மேல் தட்டில் ஏலக்காய் டப்பா இருக்கிறது, கொஞ்சம் எடுத்துக் கொடுங்க. எனக்கு இந்த இடது கை தூக்காது. போன மே மாசத்திலிருந்து இப்படித்தான். ஃப்ரோசன் ஷோல்டர் என்று டாக்டர் சொன்னார். இடுப்புக்கு மேலே போனால் தோளில் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும். தலை வழியாக ஒரு நைட்டி போட முடியாது. அவர் போய் முன்னால் ஜிப் வைத்த நைட்டி நாலு வாங்கி வந்தார். நாலும் மாம்பழ மஞ்சள். கேட்டால் அந்த ஒரு நிறம்தான் இருந்ததாம். தலை பின்னிவிடுவதும் அவர்தான், இதோ பாருங்க, வகிடு காதுக்குப் பக்கத்தில் போகிறது. முப்பத்தைந்து வருஷம் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்தவர். மலையில் நேர்க்கோடு போடுவார், என் தலையில் போட வராது.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் உங்களுக்குப் புரியும். போன வருஷம் ஏப்ரலில் ரிட்டயர் ஆனார். மே மாசம் முழுக்க என்னைப் பிசியோதெரபிக்கு அழைத்துப்போய் வந்தார். ஜூனில் மழை பிடித்ததும் வாக்கிங் என்று கிளம்ப ஆரம்பித்தார். மழையில் யாராவது வாக்கிங் போவார்களா? அதுவும் போன மனுஷன் திரும்பி வந்தால் சட்டையில் ஒரு வாசனை. சாணி, ஈரமான வைக்கோல், கொஞ்சம் கருகின முடி. நான் கான்வென்ட்டில் படித்தவள். எங்கள் சிஸ்டர் அனஸ்தாசியா ஒரு பெண்ணின் கைக்குட்டையை மோந்து பார்த்தே அவள் எங்கே போய்விட்டு வருகிறாள் என்று சொல்லிவிடுவார். அந்த வித்தை எனக்கும் கொஞ்சம் வரும். குதிரை என்று உடனே கண்டுபிடித்துவிட்டேன். எதற்குக் குதிரை என்பதுதான் தெரியவில்லை.

ஒரு நாள் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன், தெரு முனையிலேயே நாற்றம். சமையலறையில் என் இட்லிப் பானை கொதிக்கிறது. மூடியைத் திறந்தால், எப்படிச் சொல்வது, பிறை பிறையாகச் சீவின நகங்கள். மனுஷ நகம் இல்லை. தேங்காய்ச் சில் அளவுக்குப் பெரிசு.

"என்னங்க இது?"

"குளம்பு, ஹேமா. லாடம் அடிக்கிறதுக்கு முன்னாடி சீவிப் போடுவாங்கல்ல, அது. வேக வெச்சா இளகும்."

"என் இட்லிப் பானையிலயா?"

"பெரிய பாத்திரம் வேற இல்லியே."

அன்றைக்குத்தான் அந்தக் கதையை எடுத்தார். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் மத்திய ஆசியப் புல்வெளியில் வீடு வாசல் இல்லாமல் குதிரை மேலேயே காலம் தள்ளின கூட்டங்கள் இருந்தனவாம். சித்தியர் என்று ஒரு கூட்டம், சர்மேஷியர் என்று ஒரு கூட்டம். இரும்புக்கு எங்கே போவார்கள்? குதிரைக் குளம்பைச் சேர்த்துவைத்து, சுத்தம் செய்து, சீவி, செதில் செதிலாக நறுக்கி, ஓட்டை போட்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற மாதிரி நரம்பால் தைத்துச் சட்டையாகப் போட்டுக்கொள்வார்களாம். அம்பு பட்டால் வழுக்கிக்கொண்டு போகுமாம். வாசலில் கிடந்த பைன் மரத்துக் காயை எடுத்துவந்து காட்டினார். "இதோ, இதே அடுக்குதான் ஹேமா, இதே அடுக்கு." கண்ணெல்லாம் ஒரு பளபளப்பு. என்னைப் பெண் பார்க்க வந்தபோது இல்லாத பளபளப்பு.

நீங்க தலையாட்டுகிறீங்க. உங்களுக்கு இதெல்லாம் தெரியும், உங்க வேலை. எனக்கு என்ன தலையெழுத்து? வேக வைத்ததை ஈரத்துணிக்குள் வைத்து என் இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தட்டையாக்கினார். இஸ்திரிப் பெட்டி போச்சு. இப்போது அதில் புடவை தேய்த்தால் புடவையில் குதிரை வாடை.

அதோடு விட்டாரா? ஜூலையில் வில். சின்ன வில்தான், குதிரை மேலே உட்கார்ந்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பணுமாம், நீளமாக இருந்தால் கழுத்தில் இடிக்குமாம். நடுவில் மரம், உள்பக்கம் எருமைக் கொம்பு, வெளிப்பக்கம் மாட்டு நரம்பு, எல்லாவற்றையும் ஒட்டுவதற்கு மீன் வயிற்றுக்குள் இருக்கிற காற்றுப்பையைக் காய்ச்சின பசை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை முட்டைகூட உடைக்க மாட்டோம். வெள்ளிக்கிழமையும் பசை காய்ந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஆள் அனுப்பி எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று கேட்டார்கள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது?

அம்பு முனை பார்த்திருப்பீங்க. பித்தளையில் வார்த்து வந்தார். மூன்று பக்கம் இறகு வைத்த பெரிய கிராம்பு மாதிரி இருக்கும். ஓடுகிற குதிரையில் முன்னால் போய்க்கொண்டே உடம்பை மட்டும் பின்னால் திருப்பி அம்பு விடுவார்களாம். ஓடுகிறார்கள் என்று நினைத்துத் துரத்துகிறவன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு விழுவானாம். அவர் அதிசயமாகச் சொன்னார். எனக்கு அதிசயமாக இல்லை. என் மாமியார் வாசல்படி இறங்கிப் போகும்போதுதான் கடைசிச் சொல்லைச் சொல்வார்கள். திரும்பிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நாம் மூன்று நாள் படுக்கணும்.

அப்போதுதான் இன்னொன்றும் சொன்னார். அந்தக் கூட்டத்தில் பொம்பளைகளும் சண்டைக்குப் போவார்களாம். பொம்பளைகளைப் புதைத்த குழியைத் தோண்டினால் வளையலோடு வில்லும் அம்பும் குறுவாளும் இருந்ததாம். நான் சும்மா இருப்பேனா? "நல்லா இருக்குங்க. இந்தக் கைய வெச்சுக்கிட்டு என்னால நைட்டிக்குள்ளயே நுழைய முடியல. எனக்கு எவன் கவசம் பண்ணித் தரப் போறான்?" என்றேன். சிரிப்பார் என்று பார்த்தால் சிரிக்கவில்லை. பைன் காயை உருட்டிக்கொண்டே என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து சட்டையைப் பற்றி என்னிடம் பேச்சே எடுப்பதில்லை. வில்லைக் காட்டுவார், ஈட்டியைக் காட்டுவார். சட்டை வேலை மட்டும் பின்பக்கத்து அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. கேட்டால் "அது இன்னும் ஆகல ஹேமா." சாத்தின கதவுக்குப் பின்னால் நல்லது எதுவும் நடப்பதில்லை, இது என் அனுபவம்.

டீ எப்படி இருக்கிறது? சர்க்கரை போதுமா? சொல்லுங்க, நான் ஒன்றும் கடிக்க மாட்டேன்.

செப்டம்பர் கடைசியில் என் அளவு ஜாக்கெட் காணாமல் போனது. உங்க மாதிரி ரெடிமேட் சுடிதார் போடுகிறவர்களுக்கு அதன் அருமை தெரியாது. பன்னிரண்டு வருஷமாக அந்த ஒரு மெரூன் ஜாக்கெட்டைத்தான் குணா டெய்லரிடம் கொடுக்கிறேன். டேப் வைத்து உடம்பை அளக்கவிடுவதில்லை, எனக்கு அது பிடிக்காது. அதைப் பார்த்து அவர் வெட்டுவார், தைப்பார், அவ்வளவுதான். முப்பத்திநாலு சைஸ். கல்யாணத்தின்போது என்ன அளவோ அதேதான் இன்றைக்கும். நடுவில் மூன்று தடவை உள்தையலைப் பிரித்துவிட்டிருக்கிறார், அது துவைத்துத் துவைத்துத் துணி சுருங்கியதால். துணி சுருங்கினால் நான் என்ன செய்ய முடியும்?

தீபாவளிக்கு மூன்று ஜாக்கெட் தைக்கணும், அளவு ஜாக்கெட்டைக் காணோம். பீரோவைக் கொட்டிப் பார்த்தேன். வீட்டுக்குள் வருகிறவர்கள் யார்? நான், அவர், லீலா. லீலா பதினோரு வருஷமாகப் பாத்திரம் தேய்க்கிறவள். திருடி என்று நான் சொல்லவே இல்லை. அந்த வார்த்தை என் வாயில் வராது. "ஏன் லீலா, ஜாக்கெட்டுக்குக் கால் முளைச்சிருக்குமோ?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "எனக்கு எதுக்குக்கா உங்க ஜாக்கெட்டு? அதுக்குள்ள நானும் எம் பொண்ணும் சேந்து நொழையலாம்." திமிரைப் பாருங்க. அன்றைக்கே வேலையை விட்டுப் போய்விட்டாள். ஒற்றைக் கையோடு நான் பாத்திரம் தேய்க்க முடியுமா? அவர்தான் தேய்க்கிறார், சோப்பு போகாமல்.

அவர் என்னைத் தட்டிக் கேட்கவும் இல்லை, என் பக்கம் பேசவும் இல்லை. "விட்டுடு ஹேமா, எங்கேயாவது இருக்கும், கிடைச்சிடும்" என்று முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் அவர் லீலா வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்ததை நான் மருந்துக் கடையிலிருந்து என் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு ரேஷன் கடையில் லீலா என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். கோபித்துக்கொண்டு போனவள் முறைக்கணும், இல்லையா? முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். அதையும் குறித்துக்கொண்டேன்.

இப்போது உங்க விஷயம். நவம்பரில் ஒரு மத்தியானம். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்பது அவர் வாதம். கேட்டுக்கு வெளியே போய்த்தான் பேசுவார். நான் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை. துணி உலர்த்துகிற கம்பி கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கணுமே. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "இல்ல மேடம், அது ஒரு பொம்பளைக்குப் பண்றது." அப்புறம், "வீட்ல இன்னும் சொல்லல."

இந்தப் பக்கம் காய்ந்த துணியோடு நான். அந்தப் பக்கம் போனில் நீங்கதானே? தலையைக் குனிந்துகொள்கிறீங்க. இருங்க, இன்னும் இருக்கிறது.

அதே வாரம் துவைக்கப் போடும்போது அவர் பேன்ட் பாக்கெட்டில் ஒரு தாள். ஒரு பொம்பளை உடம்பை நிலம் மாதிரி வரைந்திருக்கிறார். தலை இருக்கிற பக்கம் அம்புக்குறி போட்டு வடக்கு. தோளுக்கு இரண்டு மூலைக்கல், இடுப்புக்கு இரண்டு. மார்பு நாற்பத்திரண்டு, இடுப்பு முப்பத்தெட்டு. அதன் கீழே, 'கிழக்கே மேலிருந்து கீழ் வரை வழி விடவும்.' சட்டைக்கு ஏது கிழக்கு? அதுகூட இருக்கட்டும். நாற்பத்திரண்டு. எனக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. எந்த மாட்டு உடம்புக்காரியைப் போய்ப் பிடித்தார் என்றுதான் தோன்றியது. வீட்டில் நான் முப்பத்திநாலு உட்கார்ந்திருக்கிறேன்.

அதனால்தான் நீங்க கேட்டைத் திறந்து வந்ததும் எனக்கு ஒரு குழப்பம். வாசலிலேயே பார்த்துவிட்டேன். நீங்க முப்பத்திரண்டைத் தாண்ட மாட்டீங்க. அப்படியென்றால் அந்த நாற்பத்திரண்டு யார்? உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நீங்க அதற்குத் துணை போனீங்களா, அதுதான் என் கேள்வி.

தெரியாது என்கிறீங்க. லாயத்தில் லாடம் அடிக்கிற மஸ்தான் பாயும் அதையேதான் சொன்னார். டிசம்பரில் நானே நேரில் போய்விட்டேன். பெரிய மனுஷர், தாடி நரைத்தவர். ஸ்டூலைத் துடைத்து உட்காரவைத்தார். "யாருக்குன்னு நமக்குத் தெரியாதும்மா. 'மெலிசாச் சீவிக் குடு பாய், அவங்க கனம் தாங்க மாட்டாங்க'ம்பாரு. ஒவ்வொரு சில்லையும் வெளிச்சத்துல தூக்கிப் பாத்துத்தான் பைல போடுவாரு." கனம் தாங்க மாட்டாங்களாம். அவங்க. ஒருமையில்கூட இல்லை, மரியாதையோடு. என்னை இந்த மனுஷன் இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள் 'அவங்க' என்று சொல்லி நான் கேட்டதில்லை. பாய் வேறு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இப்படி இடது கையை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவேன், பழகிவிட்டது. பார்த்துவிட்டு, "நல்ல மனுசரும்மா உங்க சாரு" என்றார். ஆம்பிளைக்கு ஆம்பிளை சர்ட்டிபிகேட்.

அதென்ன தாள்? பட்டியலா? நீங்க எடுத்துப்போகிற சாமான் பட்டியல், அவர் கையெழுத்தோடு. கொடுங்க, கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். வில் ஒன்று. வில்லும் அம்பும் சேர்த்துப் போடுகிற தோல் உறை ஒன்று. அம்பு நாற்பது. குறுவாள் ஒன்று. ஈட்டி ஒன்று. போர்க்கோடரி ஒன்று.

சட்டை எங்கே?

பட்டியலில் இல்லையா? நீங்க கேட்டும் தரமாட்டேன் என்றாரா? அன்றைக்குப் போனில் நடந்தது அதுதானா? நீங்க சட்டையும் வேண்டும் என்று கேட்டீங்க, அதற்கு அவர், அது ஒரு பொம்பளைக்குப் பண்றது, தர முடியாது என்றாரா. சரி. நீங்க பொய் சொல்கிற முகம் இல்லை, நகம் மட்டும் கடிக்கிறீங்க. அப்படியென்றால் விஷயம் இன்னும் மோசம். மியூசியத்துக்குக்கூடக் கொடுக்காத சட்டை.

வாங்க. டீயைக் கையிலேயே எடுத்துக்கொள்ளுங்க. கதவைத் திறக்கிறேன். உள்ளே நான் தனியாகப் போக விரும்பவில்லை, யாராவது சாட்சி இருக்கட்டும்.

லைட் அந்தப் பக்கம், மேலே. எனக்கு எட்டாது.

இதுதான் ஈட்டி. மூங்கில் குச்சி மாதிரி இருக்கிறது என்று நினைக்காதீங்க, என்னை விட இரண்டு மடங்கு நீளம், இரண்டு கையாலும் பிடிக்கணும், கேடயம் பிடிக்கக் கை மிஞ்சாது. அதனால்தான் உடம்பில் கவசம் என்பார். குறுவாள் தொடையில் கட்டுவது. கோடரிக்குக் கைப்பிடி நீளம், தலை மூக்கு மாதிரி கூர். எல்லாம் சுத்தமாகத் துடைத்து வைத்திருக்கிறார். என் சமையலறையை இப்படி ஒரு நாள் துடைத்ததில்லை.

அது... அந்தப் போர்வையை எடுங்க. நீங்களே எடுங்க.

இவ்வளவா? எத்தனை செதில் இருக்கும்? எழுநூறா? தேன் நிறத்தில் இருக்கிறது. நான் கறுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். வேக வைத்தபோது அவ்வளவு நாற்றம், இப்போது ஒன்றும் இல்லை. மெழுகு வாசனை. கழுத்தில் மட்டும் நாலு வரி பாக்கி. அதற்குத்தான் இன்றைக்கு லாயத்துக்கு ஓடியிருக்கிறார்.

தொட்டுப் பாருங்க, நீங்கதானே படித்தவங்க. சரியாகச் செய்திருக்கிறாரா?

என்ன தப்பு?

ஓ. இதைத் தலை வழியாகத்தான் மாட்டணுமா, பழைய கவசங்கள் நீங்க பார்த்தவரைக்கும். இது இடது தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் திறந்திருக்கிறது. ஊக்கு வைத்திருக்கிறார், ஐந்து ஊக்கு. இடது பக்கம் கையும் இல்லை. சண்டைக்குப் போகிறவன் கவசத்தில் இப்படி ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டால் அம்பு உள்ளே வந்துவிடும் என்கிறீங்க. நியாயம்தான். பிசகில்லாமல் அளக்கிற மனுஷன் இப்படி ஒரு தப்பை ஏன்...

கிழக்கே வழி.

ஒன்றுமில்லை. அந்தத் தாளில் இருந்தது. வடக்கு தலைப்பக்கம் என்றால், எதிரே நின்று பார்க்கிறவருக்கு இடது தோள் கிழக்கில் வரும்.

நீங்க அந்த உறையைக் கவிழ்த்து அம்பை எண்ணிக்கொள்ளுங்க, நாற்பது இருக்கிறதா என்று. என்னைப் பார்க்காதீங்க, எண்ணுங்க.

என்ன அது விழுந்தது?

கொடுங்க. இப்படிக் கொடுங்க.

மெரூன். குணா டெய்லர் பிரித்துவிட்ட தையல், இதோ, ஊசி போன ஓட்டை மூன்று வரிசை. அக்குளுக்குக் கீழே சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறார், சர்வே நம்பர் மாதிரி. கசங்காமல் மடித்து, பாச்சை உருண்டை போட்டு வைத்திருக்கிறார் பாருங்க. லீலா.

அந்த மேஜை மேல் அவருடைய டேப் இருக்கிறது. விரித்து வைத்து அளங்க. மார்புக்கு நேரே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம். எவ்வளவு? சத்தமாகச் சொல்லுங்க, நான் ஒன்றும் பயப்படவில்லை. இருபத்தொன்று. இரண்டு பக்கமும் சேர்த்தால் நாற்பத்திரண்டு.

நாற்பத்திரண்டு.

இந்தக் குணா ஒரு வார்த்தை சொன்னாரா பாருங்க. பன்னிரண்டு வருஷமாகத் துணி சுருங்குகிறது, துணி சுருங்குகிறது என்று என்னிடமே சொல்லிச் சொல்லி... சரி, அவர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

நீங்க சிரிக்கலாம். சிரித்துவிடுங்க, அடக்கினால் விக்கல் வரும்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு ஜூலை மாசம்தான் ஞாபகம் வருகிறது. எவன் கவசம் பண்ணித் தரப் போறான் என்று கேட்டுவிட்டு நான் குக்கரை இறக்கப் போய்விட்டேன். மூன்று விசில் வந்திருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன், அந்த நிமிஷமே மறந்தும்விட்டேன். இந்த மனுஷன் அதை எடுத்துக்கொண்டு போய் ஏழு மாசம்... லீலா வீட்டு வாசலில் நின்று என்ன சொல்லியிருப்பார் என்று இப்போது தெரிகிறது. அவள் ஏன் சிரித்தாள் என்றும் தெரிகிறது. பாய்க்கும் தெரிந்துதான் இருக்கிறது. என் கையைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். ஊட்டியில் எனக்கு ஒருத்திக்கு மட்டும்தான் தெரியவில்லை.

ஆனால் ஒன்று. இதை மூடி வைத்தது தப்புதான். வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நான் என்ன வேண்டாமென்றா சொல்லியிருப்பேன்? சொல்லியிருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை போல. அதையும் கேட்கணும் அவரிடம்.

நாளைக்குக் காலையில் லீலா வீட்டுக்குப் போகணும். இந்த ஜாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டே போகணும். போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை, இந்த மாதிரிப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. அவளும் அவள் பெண்ணும் இதற்குள் சேர்ந்து நுழைய முடியுமா என்று பார்க்கலாம் என்பேன். அவள் புரிந்துகொள்வாள்.

உங்க சாமான்களை எடுத்துக்கொள்ளுங்க, பட்டியலில் இருக்கிறது எல்லாம் உங்களுக்கு. டிரைவரைக் கூப்பிடுங்க. இல்லை, கொஞ்சம் பொறுங்க. சட்டையை நீங்க போட்டோ எடுக்க வேண்டாம். நாலு வரி பாக்கி இருக்கிறது, முடியாததைப் படம் எடுத்தால் அவருக்குப் பிடிக்காது. முடிந்த பிறகு வாங்க. உங்க மியூசியத்துப் பொம்மைக்கு இது சரிவராது, அதற்கு இரண்டு கையும் நன்றாக இருக்கும்.

சத்தம் கேட்கிறதா? அவர் ஸ்கூட்டர்தான். சைலன்சர் ஓட்டை, மூன்று தெரு தள்ளி வரும்போதே தெரிந்துவிடும். முக்கால் மணி நேரம் என்று சொன்னேனே, சீக்கிரம் வந்துவிட்டார். சாவி இல்லை என்று வழியில் தெரிந்திருக்கும்.

சீக்கிரம், டீயைக் கீழே வையுங்க. அந்தச் சட்டையைத் தூக்குங்க. தூக்க முடிகிறதா? பாருங்க, இவ்வளவு செதில் இருந்தும் கனமே இல்லை. வலது கையை முதலில் விடுகிறேன். இப்போது அந்தப் பக்கத்தைச் சுற்றிக் கொண்டுவாங்க. என் இடது கையைத் தொட வேண்டாம், அது கீழேயே இருக்கட்டும். ஆமாம், தூக்காமலே வருகிறது. தூக்கவே வேண்டியதில்லை.

ஊக்கைப் போடுங்க. ஒன்று. இரண்டு. இடுப்பில் பிடிக்கும், கொஞ்சம் மூச்சை இழுத்துக்கொள்கிறேன். வேண்டாமா? போட்டாகிவிட்டதா?

பிடிக்கவில்லை. எங்கேயும் பிடிக்கவில்லை.

கேட்டைத் திறக்கிறார். அந்த ஈட்டியை எடுத்துக் கொடுங்க. இல்லை, அதற்கு இரண்டு கை வேண்டும். குறுவாளைக் கொடுங்க, அதற்கு ஒன்று போதும். இப்படி வாசலைப் பார்த்து நிற்கிறேன். நீங்க கொஞ்சம் ஓரமாகப் போய்விடுங்க.

முதலில் லீலா விஷயம் கேட்பேன். அப்புறம் இட்லிப் பானை. மற்றதெல்லாம் உங்க வேன் போன பிறகு.